எந்தப் பெரியவங்க?



போன வருஷம் ஆவணியில் எங்கள் சித்தி காலமானார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்து, இலைகளை வாரிக்கொண்டிருந்த நேரத்தில் சித்தியின் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அக்கா, இந்த வருஷம் தீபாவளி உண்டா, கிடையாதா? பிள்ளைங்களுக்குத் துணி எடுக்கலாமா? எண்ணெய்ச் சட்டி வைக்கலாமா?” என்று கேட்டான். கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

இப்படி ஒரு கேள்வி வந்தால் அதுவரை நாங்கள் எல்லாரும் சித்தியைத்தான் பார்ப்போம். அவருக்கு முன் அம்மாவை. அம்மாவுக்கு முன் பெரியப்பாவை. அதற்கும் முன் ஆச்சியை. சித்தி போனதோடு அப்பா தலைமுறையில் எங்கள் வீட்டில் யாரும் மிச்சமில்லை. அம்மாவின் கடைசித் தம்பி ஒருவர் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆச்சியும் அவர் மகளும் ஒரே காலத்தில் பிள்ளை பெற்ற வீடுகளில் இப்படித்தான், மருமகள் மூத்தவளாகவும் மாமன் சின்னவனாகவும் இருப்பார்கள். அவரும் அன்று கூடத்தில்தான் இருந்தார். “முறைக்குத்தான் நான் மாமா. மூத்தவ நீதானே, நீயே சொல்லு” என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஆண்டுத் திவசம் முடியும்வரை பண்டிகை கிடையாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் பேரன் பேத்திகள் புதுத் துணி உடுத்தாமல் தீபாவளியன்று தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பதைச் சித்தி ஒருநாளும் சகித்திருக்க மாட்டார். துணி எடுங்கள், வெடி வேண்டுமென்றால் கொஞ்சம் வாங்குங்கள், சித்தி சுடுகிற முந்திரிக்கொத்தை அவர் செய்கிற மாதிரியே சுட்டு அவர் படத்துக்கு முன் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்று சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. சரி அக்கா, சரி அத்தை, சரி பெரியம்மா என்று கலைந்து போனார்கள். அந்தச் ‘சரி’ என்னைத் தூங்கவிடவில்லை. நான் சொன்னது தவறாக இருந்தாலும் இவர்கள் இப்படியே தலையாட்டியிருப்பார்கள் அல்லவா?

என் வயதுக்காரர்கள் பலரும் இந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறோம். வாசகர் கடிதங்களிலும் இது தெரிகிறது. அம்மா போய்விட்டார், அத்தை போய்விட்டார் என்று எழுதுகிறவர்கள், துக்கத்தைச் சொல்லி முடித்ததும் ஒருவிதத் திகைப்போடு, இனி வீட்டில் நான்தான் மூத்தவள், நான்தான் மூத்தவன் என்று எழுதுகிறார்கள். அந்தத் திகைப்பைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

நான் விசுவாவசு வருஷத்தில் பிறந்தவள். வியாழன் பன்னிரண்டு வருஷத்திலும் சனி முப்பது வருஷத்திலும் வானத்தைச் சுற்றிவருவதாக வைத்து, இரண்டும் ஒத்துவருகிற அறுபதை ஒரு வட்டமாகக் கட்டினார்கள் நம் முன்னோர். அதே விசுவாவசு திரும்பி வந்து, சென்ற பங்குனியோடு முடிந்தும்விட்டது. ஒரு முழு வட்டம் எனக்கு மேலே பெரியவர்கள் இருந்திருக்கிறார்கள். என் ஆச்சிக்கு அது வாய்க்கவில்லை. மாமனாரையும் மாமியாரையும் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு குடும்பத்துக்கு மூத்தவளானபோது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. நாடு விடுதலை அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 வருஷம். பிறந்த ஓராண்டுக்குள் இறந்த குழந்தைகள் ஏராளம் என்பதால்தான் கணக்கு அவ்வளவு கீழே போனது. எல்லாரும் முப்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆனாலும் அன்றைக்குக் குடும்பப் பொறுப்பு இளம் தோள்களில் ஏறியது உண்மை. இன்று சராசரி ஆயுள் எழுபதை ஒட்டி இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2036இல் அது நூற்றுக்கு இருபதைத் தாண்டும் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது.

அதாவது, அறுபது வயதுவரை சின்னவர்களாகவே இருக்கும் பாக்கியம் பெற்ற முதல் தலைமுறை அநேகமாக நாம்தான். பாக்கியம் என்று மனதாரத்தான் சொல்கிறேன். தலை நரைத்த பிறகும் “சாப்பிட்டியா?” என்று கேட்க ஒருவர் இருந்தார். ஆனால் அந்த நிழலில் நாம் வேறு ஒரு வசதியையும் பழகிக்கொண்டோம். “எனக்கு ஒண்ணும் இல்ல, பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க” என்கிற வாக்கியம் அது.

எத்தனை வீடுகளில் எத்தனை காரியங்கள் இந்த ஒரு வாக்கியத்தில் நின்றுபோயிருக்கின்றன! மகள் வேறு சாதிப் பையனைக் காட்டினால் பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. தங்கைக்குச் சொத்தில் பங்கு என்றால் பெரியவங்க காலத்தில் இல்லாத வழக்கம். கணவனை இழந்தவள் தன் பிள்ளையின் கல்யாணத்தில் மேடையேறினால் பெரியவங்க ஏதாவது சொல்வாங்க. சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெரியவரிடம் கேட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தம்பி 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் போய்விட்டான். அவன் மகன் வேலை செய்கிற இடத்தில் ஒரு பெண்ணை விரும்பினான். வேறு சாதிப் பெண். சில வருஷம் வாயே திறக்கவில்லை. “சின்ன ஆச்சி இருக்கிறவரைக்கும் பேச முடியாது அத்தை, அவங்க மனசு தாங்காது” என்று என்னிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தான். நான் அந்த நாட்களில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல வீட்டு விஷயங்களை எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது சித்தி திடீரென்று கேட்டார்: “அவன் போன்ல ஒரு புள்ள படம் வச்சிருக்கானே, லட்சணமா இருக்கா. இவன் ஏன் வாயத் திறக்க மாட்டேங்கான்? நாங்க வேண்டாம்னு சொல்வோம்னு யாரு அவன்கிட்ட சொன்னது?”

அவர் இருக்கும்போதே பேச்சைத் தொடங்கினோம். நடத்திவைக்க அவர் இல்லை. இந்த வைகாசியில் கல்யாணம் நடந்தது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. தேங்காயின் மேல் மஞ்சள் சரடும் தாலியும், சுற்றிலும் அட்சதை. தட்டோடு வந்த பெண் வரிசையாக ஒவ்வொருவர் முன்னும் குனிந்து நீட்டினாள், தொட்டு வாழ்த்தினார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில், தூணை ஒட்டிய நாற்காலியில், மாப்பிள்ளையைப் பெற்றவள் உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறப் பட்டுச் சேலை; நெற்றியில் ஒரு சிறு சாந்துப் பொட்டு. தட்டு அவளுக்கு முந்தைய நாற்காலிவரை வந்து, வளைந்து, அடுத்த வரிசைக்குப் போனது. அந்தப் பெண் வேண்டுமென்றே செய்யவில்லை. அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். என் அம்மாவும் என் தம்பி கல்யாணத்தில் இதே மாதிரி ஒரு தூணோரத்தில்தான் இருந்தார்.

நான் எழுந்து போய்த் தட்டை வாங்கி அவளிடம் கொண்டுபோனேன். அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“வேண்டாம் மதினி. நான் இங்கனயே இருக்கேன். பெரியவங்க ஏதாவது சொல்லப் போறாங்க.”

“எந்தப் பெரியவங்க? இப்ப நான்தான் பெரியவ. தொடு. தொட்டுட்டு மேல ஏறி உன் பிள்ளைகிட்ட நில்லு.”

அவள் மேடையேறினாள். மகன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உறவில் இரண்டு குடும்பத்தார் கை நனைக்காமல் போய்விட்டார்கள். சாதிக்காகவா, மேடைக்காகவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நான் போகவில்லை. அதில் ஒருவர் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, சீக்கிரம் போகாது. ஆனால் மூத்தவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘மேல ஏறு’ என்று சொல்லாமல் இருந்திருந்தால், அடுத்த கல்யாணத்திலும் யாரோ ஒருத்தி தூணோரத்தில் உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லித் தன்னைத் தானே தடுத்துக்கொண்டிருப்பாள். செத்துப்போன பெரியவர்களின் பெயரால் ஒரு வழக்கம் ஓடிக்கொண்டிருந்தால், அதை நிறுத்துகிற உரிமை உயிரோடிருக்கிற பெரியவருக்கு மட்டும்தான் உண்டு. சின்னவர்கள் நிறுத்தினால் அது சண்டையாகிவிடும். நாம் நிறுத்தினால் அது வழக்கமாகிவிடும். இதைவிடப் பெரிய அதிகாரம் ஒரு குடும்பத்தில் வேறு கிடையாது.

பெண் பிறந்த வீட்டுக்கு மூத்தவளாக முடியுமா என்று ஒரு உறவினர் அன்றே கேட்டார். நியாயமாகக் கேட்கிறவர், அதனால் கோபம் வரவில்லை. சட்டத்தைப் பார்ப்போம். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது இல்லை. எனக்கு 1987இலேயே கல்யாணமாகிவிட்டது. 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தத்தில் அந்தக் கோடு இல்லை. திருத்தம் வந்த அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்கிற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது. ஒரு படி மேலே போய், கூட்டுக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் பெண்ணாக இருந்தால் அவரே கர்த்தாவாக, அதாவது குடும்பச் சொத்தை நிர்வகிக்கிறவராக, இருக்கலாம் என்று 2015 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகும், சார்பதிவாளர் அலுவலக வாசலில் அக்கா தங்கைகளை வரிசையாக உட்காரவைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற காட்சியை நான் எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். மனமார விட்டுக்கொடுக்கிற பெண்களும் உண்டு. அது அவர்கள் விருப்பம். கேட்காமலே பேனாவை நீட்டுவது வேறு. வீட்டுக்கு மூத்தவர் நீங்கள் என்றால் அந்தப் பேனாவை ஒரு நிமிஷம் பிடித்து நிறுத்தி, “உனக்குச் சம்மதமா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அந்த இடத்தில் வேறு ஆள் இருக்காது.

இனி, நம்மிடம் மட்டும் இருப்பவற்றைப் பற்றி.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறவர்கள்கூடக் குடும்பத்தோடு தேடி வந்து பொங்கலிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சிலருக்குத் தேரியில் கற்குவேல் அய்யனார், சிலருக்கு அருஞ்சுனை காத்த அய்யனார், சிலருக்குக் குளத்தங்கரையில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பீடம். எந்தப் பீடம் தங்களுடையது என்பது எழுதிவைத்த விஷயமில்லை. மூத்தவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். காட்டுவதற்கு முன் அவர் கண்ணை மூடிவிட்டால்? அப்படித் தங்கள் சாஸ்தாவைத் தொலைத்தவர்கள் பாபநாசம் மலையில் காரையார் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடலாம், எல்லாச் சாஸ்தாவுக்கும் அவரே மூலம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எவ்வளவு கருணையான ஏற்பாடு! அதே சமயம், இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது என்றால் எத்தனை குடும்பங்களில் சொல்லாமல் போயிருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். சாமி கும்பிடாதவர்களுக்கும் இது பொருந்தும். பூர்விக ஊர் எது, ஏன் அங்கிருந்து கிளம்பினார்கள், எந்தச் சண்டையில் எந்தப் பங்காளிகள் பிரிந்தார்கள் என்பதெல்லாம் இதே மாதிரி வாய்வழியாக வந்து ஒரே ஒருவரிடம் வந்து நிற்பவைதான்.

சமையலும் அப்படி. மறுவீட்டுச் சொதியை இன்று யூடியூப் பார்த்து எவரும் வைத்துவிடலாம். தேங்காயை மூன்று தடவை பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலையும் வெந்த சிறுபருப்பையும் சேர்த்து, கடைசியில் தலைப்பாலை ஊற்றி நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக் கூடாது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். சித்தி சொன்னது இதற்குப் பிறகு: இறக்கிய உடனே எலுமிச்சையைப் பிழிந்தால் திரிந்துவிடும்; பாத்திரத்தின் வெளிப்புறத்தில் கையை வைத்து, வைத்த கையை எடுக்காமல் இருக்க முடிகிற சூடு வந்த பிறகு பிழி. வெப்பமானி வைத்துச் சமைக்காத வீட்டில் இதைவிடத் துல்லியமாக யார் சொல்ல முடியும்? நோட்டில் அந்தப் பக்கத்தில் மஞ்சள் கறை இருக்கிறது.

நோய் விவரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பது “குடும்பத்தில் யாருக்காவது?” என்றுதான். பழைய மரணங்களை நாம் மென்மையாகப் பூசி வைத்திருக்கிறோம். பெரியாச்சி ‘வயித்து நோவுல’ போனார், தாத்தாவின் தம்பி ‘உக்காந்த இடத்துலயே’ போனார், ஒரு அத்தைக்கு ‘மார்ல கட்டி’. அந்த அத்தைக்கு அப்போது என்ன வயது என்பது அவர் பேத்திகளுக்குத் தெரிய வேண்டும். நாற்பதுக்குள் வந்ததா, எழுபதில் வந்ததா என்பதைப் பொறுத்துப் பரிசோதனையை எப்போது தொடங்குவது என்று மருத்துவர் முடிவு செய்வார். வெட்கமோ பயமோ காரணமாக இதை மறைப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

பத்திரப் பெட்டியைப் பற்றி எழுத ஒரு முழு இதழே வேண்டும். 1979 முதல் 1987 வரை நம் மாநிலத்தில் யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அப்போது உயிரோடு இருந்த தாத்தா பெயரில் ஏறிய பட்டா, பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதே பெயரில் இருக்கிற வீடுகள் ஏராளம். தந்தை பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், பங்காளி பெயர் கூட்டுப் பட்டாவில் சேர்ந்திருக்கும். எந்த மனை எப்படி வந்தது, எது வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டது என்று சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே இறப்புச் சான்று, வட்டாட்சியர் தருகிற வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்துப் பெயர் மாற்றிவிடுவது நல்லது. ஒவ்வொரு தலைமுறை தள்ளிப்போட்டாலும் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மூன்று மடங்காகிவிடுவார்கள், பாதிப் பேர் வேறு நாட்டில் இருப்பார்கள். பத்து வருஷம் யாரும் கேட்காத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும்; வாரிசுகள் பிறகும் கேட்டுப் பெறலாம். எந்த வங்கியில் இருக்கிறது என்று தேடுவதற்கு ‘உத்கம்’ என்கிற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கியது. போய்ச் சேர்ந்த பெரியவர்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை; வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் பின்னால் வழக்குக்கு இடம் குறையும். உயில் எழுதுவதை அபசகுனமாக நினைக்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. எழுதிவைக்காமல் போனவர்களின் பிள்ளைகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் இரண்டு வீடுகள் அவர்கள் தெருவிலேயே இருக்கும்.

இத்தனையும் பொறுப்பு. இதில் ஒரு தனிமையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாதியைத்தான் சொன்னதாகும். தீபாவளி விடியலில் வீட்டு மூத்தவர் எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பார். போன தீபாவளிக்கு அது என் வேலையானது. நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்போடு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, பலகையில் வரிசையாக உட்கார்ந்தவர்களின் உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டேன். என் மாமா உட்பட எல்லாரும் எழுந்து போனார்கள். கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. எனக்கு வைக்க யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நானே வைத்துக்கொள்ளலாம், அதற்கென்ன. ஆனாலும் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுப்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. குளித்து முடித்துப் புதுச்சேலை உடுத்திய பிறகு விழுந்து கும்பிடவும் யாருமில்லை. பொங்கலுக்குப் பொங்கல்படி தம்பி வீட்டிலிருந்து ஒழுங்காக வருகிறது. கொடுத்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற கை வரவில்லை.

இது எல்லாருக்கும் வருவதுதான் என்று ஆறுதல் சொல்வார்கள். எல்லாருக்கும் வருவது என்பதால் லேசாகிவிடுவதில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் தாய் தகப்பனுக்காக அழுதால் ‘வயசாகித்தானே போனாங்க’ என்று சொல்லி வாயை அடைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து சொல்லாதீர்கள். எழுபது வயது மகனுக்கும் தொண்ணூற்றைந்து வயது அம்மா அம்மாதான். அவர் போன பிறகு அவன் சின்ன வயதைக் கண்ணால் பார்த்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் பதினாறாம் நாளோடு விட்டுவிடாமல், இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து, அவர் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். நிச்சயம் பேசுவார்.

அப்படிச் சொல்லிவைப்பதால் என்ன மிஞ்சும் என்பதற்கு இரண்டு புத்தகங்களைச் சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல். 1855இல் பிறந்தவர், எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தார். தன் ஊரிலிருந்தும் முன்னோர்களிலிருந்தும் தொடங்கி, ஆசிரியரைப் பற்றி, சுவடிகளைத் தேடி அலைந்ததைப் பற்றி வாரா வாரம் எழுதினார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முடியவில்லை. முடியாத அந்த நூல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் வாழ்க்கையை நமக்கு வீட்டுக்குள்ளிருந்து காட்டுகிறது: என்ன சாப்பிட்டார்கள், எப்படி நடந்தே ஊர் போனார்கள், யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள் என்று. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலில், தெலுங்கு நாட்டிலிருந்து கரிசல் பூமிக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்வதற்கு மங்கத்தாயாரு என்கிற மூதாட்டி இருக்கிறார். அவரை எடுத்துவிட்டால் அந்த ஊருக்குப் பூர்வ கதை கிடையாது. இரண்டிலும் எனக்குப் பிடித்தது, சொல்கிறவர்கள் தங்கள் பெருமைக்காகச் சொல்லாதது. கேட்க ஆள் இருக்கிறது, தெரிந்தது தன்னிடம் இருக்கிறது, அதனால் சொல்கிறார்கள்.

நமக்கு ஒரு அவசரமும் இருக்கிறது. ஒரு பிள்ளை போதும் என்று நிறுத்திய வீடுகளில் அந்தப் பிள்ளைக்கு அக்கா தம்பி இல்லை, அதன் பிள்ளைக்கு அத்தையும் சித்தப்பாவும் இருக்கப் போவதில்லை. எனக்கு ஒரு விஷயம் மறந்தால் சித்தி மகனைக் கேட்பேன், அவனுக்கு மறந்தால் மாமாவைக் கேட்பான். என் பேத்திக்குக் கேட்க நான் ஒருத்திதான்.

ஆகவே வரும் தை இதழிலிருந்து வாசகர்களுக்காக ஒரு பகுதி ஒதுக்குகிறோம். உங்கள் வீட்டு மூத்தவரிடம் கேட்டு எழுதியதை அனுப்புங்கள். வீட்டுக்கு மூத்தவர் நீங்களே என்றால் நீங்களே எழுதுங்கள். ஊர் மாறி வந்த கதையாக இருக்கலாம், ஒரு சமையலாக இருக்கலாம், நீங்கள் நிறுத்திய ஒரு வழக்கமாகவும் இருக்கலாம். அந்தக் கடைசி வகைக் கடிதங்களை நான் மிகவும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். சாதிப் பெருமை பேசுகிற பகுதிகளை எடுத்துவிடுவோம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கையெழுத்தில் இரண்டு பக்கம் போதும். தட்டச்சு செய்ய நாங்கள் இருக்கிறோம். எழுதச் சிரமமாக இருந்தால் பேரன் பேத்தியிடம் சொல்லிப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்களைக் கேட்ட பிறகே எழுதுங்கள். பழைய படங்களின் மூலத்தைத் தபாலில் போடாதீர்கள், நகல் எடுத்து அனுப்பினால் போதும். சமையல் குறிப்பு என்றால் உழக்கு, ஆழாக்கு, ‘அந்தப் பித்தளை டம்ளர்’ என்று உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதுங்கள். அளந்து பார்த்து கிராம் கணக்கில் போடுகிற வேலையை எங்கள் உதவி ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்